அம்சவேணி இருக்கும் பக்கம்

வடவள்ளியில், பேருந்து திரும்பும் இடத்துக்குப் பின்னால், மூன்று மாடிகளும் ஒரு கிணறும் ஓயாமல் பழுதாகும் ஒரு மோட்டாருமாக நிற்கும் கற்பகம் குடியிருப்பில், தொட்டிச் செடிகளெல்லாம் சூரியனை விட்டுவிட்டு அம்சவேணியைப் பார்க்க ஆரம்பித்த வருடத்தில், அம்சவேணிக்கு நாற்பத்தாறு வயது. அதுவரை அவளை யாரும் அப்படித் திரும்பிப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. கோயிலில் பிரசாதம் கொடுப்பவர் கை அவளைத் தாண்டிப் பின்னால் நிற்பவருக்குப் போய்விடும். அவள் சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதே அவள் அண்ணன் திருமூர்த்தி போனில், "வீட்டுல யாருமில்லீங், நான் மட்டுந்தான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதில் அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, நிஜமாகவே அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

கல்யாணம் இரண்டு தடவை கைகூடி வந்து தட்டிப்போன பிறகு அம்சவேணி அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அந்த வீட்டில் அறைகள் இரண்டு. ஒன்று அண்ணனுக்கும் நங்கையாவுக்கும். அண்ணன் மனைவி ரங்கநாயகியை கொங்கு முறைப்படி அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். இன்னொன்று பெங்களூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகனுக்கு, அவன் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து படுத்துவிட்டுப் போவதற்காகப் பூட்டியே கிடக்கும். ஹால் மூலையில் கிடந்த திவான் அம்சவேணிக்கு. டிவி அணைந்தால் அவளுக்கு ராத்திரி, குக்கர் கூவினால் அவளுக்கு விடியல், நடுவில் தண்ணீர் குடிக்க வருகிறவர்களும் துணி காயப்போடப் பால்கனிக்குப் போகிறவர்களும் அவள் காலைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும், போனார்கள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது, அது ஒரு கதவு. உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளவும் வேண்டும்போது தானே எழுந்து திறக்கவும் அவளுக்கென்று ஒரு கதவு. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், இங்கே உனக்கு என்ன குறை என்று கேட்பார்கள், கேட்டால் அவளால் ஒரு குறையையும் எடுத்துக் காட்ட முடியாது, அதுதான் சங்கடம்.

ஒப்பணக்காரத் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. மகளிர் தினத்துக்கு அந்தக் கடை முதலாளி பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மணிபிளான்ட் கொடுத்தார், வெள்ளைத் தொட்டியில், ரிப்பன் கட்டி. மற்றவர்கள் போகிற வழியிலேயே அதை யார் தலையிலாவது கட்டிவிட்டார்கள். அம்சவேணிக்கு அப்படித் தள்ளிவிட ஆள் கிடைக்காததால் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்து திவானுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியின் மேல் வைத்தாள். அதற்கு முன்னால் அவள் வாழ்க்கையில் ஒரு செடி வளர்த்தது கிடையாது.

அன்றிலிருந்து அவளைக் குழப்பாத ஆள் பாக்கியில்லை. தினமும் தண்ணீர் விடு என்றாள் நங்கையா. தினமும் விட்டால் வேர் அழுகிவிடும், வாரம் ஒரு தடவை போதும் என்றார் கீழ்வீட்டு புனிதா டீச்சர், பெரணிச் செடிகளைப் பிள்ளை மாதிரி வளர்ப்பவர். தண்ணீரே வேண்டாம், மறந்துவிடுங்கள், மறந்தால்தான் வளரும் என்றார் மூன்றாம் மாடி ஜமால் பாய், அவரிடம் இருந்ததெல்லாம் கள்ளி. அரிசி கழுவிய தண்ணீர் விடு என்றது ஒரு வீடு, டீத்தூள் போடு என்றது இன்னொன்று, முட்டை ஓட்டை நொறுக்கிப் போடச் சொன்னதை நங்கையா சைவச் சமையலறையில் அனுமதிக்கவில்லை. இலை ஒன்று மஞ்சளானபோது தண்ணீர் கூடிப்போச்சு என்று பாதிப் பேரும் குறைஞ்சுபோச்சு என்று மீதிப் பேரும் சொன்னார்கள், அவள் இரண்டையும் நம்பி ஒருநாள் ஊற்றியும் ஒருநாள் காயப்போட்டும் இன்னும் மூன்று இலைகளை மஞ்சளாக்கினாள். கடைசியில் மருதமலை ரோட்டில் ஒரு நர்சரியில் போய்க் கேட்டாள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா விடாதீங்க, இலையில தூசி படிஞ்சா ஈரத்துணியால துடைங்க, செடி வெளிச்சம் வர்ற பக்கம் சாயும், அதனால வாரத்துக்கொரு தடவை தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைங்க என்று நர்சரிக்காரர் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னபடி அவள் இலைகளைத் துடைத்தாள், தொட்டியைத் திருப்பினாள். செடி தேறியது. ஆனால் பால்கனி கிழக்கே இருக்க, வெயில் அந்தப் பக்கமிருந்து ஹாலுக்குள் பாய் விரித்தாற்போல் விழுந்துகொண்டிருக்க, மணிபிளான்ட் மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே திவான் பக்கமாகச் சாய்ந்தது. சரி, தான்தான் தப்பாகத் திருப்பிவிட்டோம் என்று மறுபடி திருப்பி வைத்தாள். அவள் சமையலறையில் இருந்தால் அது சமையலறைப் பக்கம் சாய்ந்தது, அவள் வந்து திவானில் படுத்தால் ஒரு சாதம் வேகும் நேரத்துக்குள் இலைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தன. தான் எதையாவது தப்பாகச் செய்கிறோம், தண்ணீரில் ஏதோ கோளாறு என்றுதான் அவள் அப்போதும் நினைத்தாள். பிறகு நங்கையாவின் துளசி, பிறகு பக்கத்து வீட்டு ரப்பர் செடி, பிறகு கீழே புனிதா டீச்சரின் பெரணிகள், அவை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன, ஏனென்றால் கூரைக்கு மேலே அவள் படுத்திருந்தாள். மொட்டைமாடியில் அவள் வடகம் காயவைத்த அன்று கட்டடத்தின் அத்தனை செடிகளும் கம்பி நட்ட மாதிரி நிமிர்ந்து நின்றன. அவள் கடைக்குப் போனால் கிழக்கே சாய்ந்து கிடந்து, அவள் திரும்பி வரும் நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, அவள் படியேறும்போது கூடவே படியேறின.

கற்பகம் குடியிருப்பில் இதற்கு யாரும் மயங்கி விழவில்லை. மோட்டார் பழுதானால் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள், கூட்டம் போட்டார்கள். சங்கச் செயலாளர் தண்டபாணி, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் ஒரு முறை வேண்டும் என்பது அவர் கட்சி. ஏன் இப்படி ஆகிறது என்பதை அவர் கேட்கவே இல்லை. செடிகளெல்லாம் கோணலாக வளர்கின்றன, இதற்கு என்ன வழி என்றுதான் கேட்டார். செடி கோணாமல் இருக்கத் தொட்டியைத் திருப்ப வேண்டும் என்று நர்சரியில் சொன்னதை அம்சவேணி மெல்லச் சொன்னாள். அவள் கூட்டத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை, எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள், கேட்டுவிட்டு எண்ணிப் பார்த்தார்கள். இருக்கிற தொட்டிகளோ நூற்றைத் தாண்டும், சிலதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். தொட்டியை எதற்குத் திருப்புவது, அம்மிணி ஒருத்தியைத் திருப்பி வைத்தால் போதுமே என்று தண்டபாணி சொன்னார். அதிலுள்ள நியாயம் எல்லோருக்கும் உடனே பிடித்துப்போயிற்று.

அப்படித்தான் அம்சவேணிக்கு முறை போட்டார்கள். கடைக்குப் போகாத நேரமெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள், இந்த வாரம் இந்தப் பக்கம், அடுத்த வாரம் எதிர்ப்பக்கம். செடி வளர்ப்பைப் பற்றி ஆளுக்காள் தேடிப் படித்து, படித்ததையெல்லாம் அவள்மேல் நடத்திப் பார்த்தார்கள். பெரணிக்கு நேர் வெளிச்சம் ஆகாது என்று புனிதா டீச்சர் அவளை ஒரு வெள்ளை ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, திரை வழியாகவே காபி நீட்டினார். கள்ளிக்குப் பகல் முழுக்க வேண்டும் என்று ஜமால் பாய் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மதியச் சாப்பாடு போட்டு அங்கேயே இருத்திக்கொண்டார்கள், சேமியா பாயசத்தோடு. ராத்திரியில் செடிக்கு இருட்டு அவசியம் என்று எங்கோ படித்த இரண்டாம் மாடிக்காரர், தூங்கும்போது அவள் ஒரு கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொள்ள முடியுமா என்று ரொம்பத் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் போர்த்திக்கொண்டாள், கோயம்புத்தூரில் சித்திரை மாதத்தில்.

அவளுக்கு இது பிடித்திருந்ததா என்று கேட்டால், பிடித்திருந்தது, அதை மறைப்பானேன். நாற்பத்தாறு வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தவளுக்கு வீட்டுக்கு வீடு நாற்காலி போட்டால் யாருக்குத்தான் மனசு குளிராது. நங்கையா தன் நாத்தனாரின் பெருமையை மாடிப்படியில் நின்று பேசினாள், யார் வீட்டுக்கு எப்போது என்பதை அவளே தீர்மானித்தாள். ஆனால் பிடித்திருந்த இடத்திலேயே வேறொன்றும் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்காரவைத்தவர்கள் அவளைப் பார்க்கவில்லை, செடியைப் பார்த்தார்கள். இலை தெளிந்திருக்கிறதா, தண்டு நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் இடப்பக்கம் நகருங்க அம்மிணி என்றார்கள். தன்னிடம் என்ன இருக்கிறது, எது வெளிச்சம், அது எங்கேயிருந்து வருகிறது என்று அவள் குளியலறைக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். கன்னத்தில் மங்கு இருந்தது, காதோரம் நரை இருந்தது, மற்றபடி ஒன்றும் தெரியவில்லை. அவள் குளியலறையில் நெடுநேரம் இருப்பதை இதற்குள் செடிகள் மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டிருந்தன, வயிறு சரியில்லையா என்று நங்கையா கதவைத் தட்டாமலே திறந்து கேட்டாள்.

அந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கழன்று போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. மறுநாளிலிருந்து அம்சவேணி ரூம் தேட ஆரம்பித்தாள்.

துடியலூரில் ஒரு மாவுமில்லின் மாடியில் ஒற்றை அறை ஒன்று இருப்பதாகக் கடையில் கூட வேலை பார்க்கும் பெண் சொன்னாள். கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தாள். அறையெங்கும் மிளகாய் நெடி, ஜன்னலில் மாவு படிந்திருந்தது, கதவு மட்டும் பழைய வேங்கை மரம், உள்பக்கம் கட்டைவிரல் தடிமனில் இரும்புத் தாழ்ப்பாள். அவள் அதை இழுத்துப் போட்டுப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், மறுபடி போட்டாள். மில்காரர் வெளியே நின்றுகொண்டு, அறை பிடிக்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் வீடு வந்து சேர்வதற்குள் கற்பகம் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கிழக்கே சாய்ந்திருக்க வேண்டிய வேளையில் செடிகள் வடக்கே திரும்பி, கொஞ்ச நேரம் அங்கேயே நிலைத்து நின்றதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா, தண்டபாணி கூட்டத்துக்கே சொல்லிவிட்டிருந்தார். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. அவளுக்கு ஒரு நாற்காலி நடுவில்.

வடக்க எங்கம்மிணி போயிருந்தே என்று நங்கையா கேட்டாள். அம்சவேணிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, பொய் சொல்லும் அளவுக்கு அவளை யாரும் எதுவும் கேட்டதுமில்லை. தனியாக இருக்க ஒரு ரூம் பார்த்திருக்கிறேன், அடுத்த வாரம் போகிறேன் என்று சொன்னாள். அதற்குப் பிறகு ஒரே சமயத்தில் பலபேர் பேசினார்கள். ஊர் என்ன பேசும், அண்ணன் துரத்திவிட்டான் என்று என்னைத்தானே சொல்வார்கள் என்றார் திருமூர்த்தி. பெரணிகள் இப்போதுதான் குருத்து விட்டிருக்கின்றன, ஒரு மழைக்காலம் மட்டும் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்றார் டீச்சர். சூரியன் இடம் மாறினால் பயிர் என்னாவது என்று தண்டபாணி பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டார். ஜமால் பாய் மட்டும், போகட்டும் விடுங்க என்றார், ஆனால் அதை அவர் மெதுவாகச் சொன்னதால் யார் காதிலும் விழவில்லை.

"அங்க போய் என்னம்மிணி பண்ணப் போறே?" என்றாள் நங்கையா.

அம்சவேணி யோசித்தாள். "கதவச் சாத்திக்குவேனுங் நங்கையா."

யாருக்கும் புரியவில்லை. கதவைச் சாத்துவதற்காக ஒருத்தி வீட்டை விட்டே போவாளா என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், புரியாததை எதிர்த்துப் பேசவும் முடியாமல் கூட்டம் அதுவாகவே கலைந்தது. அடுத்த வாரம் அவள் ஒரு சூட்கேஸோடு இறங்கிப் போனாள். மணிபிளான்ட்டை எடுத்துக்கொள்ளவில்லை. எந்தத் தெரு, எந்த வீடு என்று யாரிடமும் சொல்லவில்லை, அண்ணன் கேட்டதற்கு, போனு இருக்குதுங்களே என்றாள். படியிறங்கும்போது அவளுக்கு அழுகை வந்தது, அது துக்கமா சந்தோஷமா என்று தெரியாததால் பாதியில் நிறுத்திவிட்டாள்.

போன பிறகு கற்பகம் குடியிருப்பு அதற்கும் பழகிக்கொண்டது. செடிகள் வடக்கே சாய்ந்தன, ஆகவே தொட்டிகளை நகர்த்தித் தெற்குச் சுவரோரம் வரிசையாக வைத்து, சாய்வதற்கு இடம் விட்டார்கள். காலையில் அவை வடக்கிலிருந்து மெல்லக் கிழக்கே திரும்பும்போது, அம்மிணி பஸ் ஏறிட்டா என்று சொல்லிக்கொண்டு இட்லிப் பானையை இறக்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செடிகள் மேற்கே போய் வெகுநேரம் கழித்துத் திரும்பின, மருதமலைக்குப் போயிருப்பாள், இவ்வளவு பக்கத்தில் வந்தும் வீட்டுக்கு வரவில்லை பார் என்று நங்கையாவுக்கு மனது சுருக்கென்றது. நர்சரிக்காரர் முதலிலேயே சொன்னது போல வாரம் ஒரு தடவை தொட்டிகளைத் திருப்பி வைக்கவும் கற்றுக்கொண்டார்கள், பெரியவற்றை இரண்டு பேராகப் பிடித்து. முனகிக்கொண்டேதான் செய்தார்கள்.

துடியலூரில் அம்சவேணி கதவைச் சாத்தினாள். முதல் சில நாள் அவள் வேறொன்றுமே செய்யவில்லை, கடையிலிருந்து வந்து, தாழ்ப்பாளைப் போட்டு, அதைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள், கீழே மில் ஓடும் அதிர்வு உடம்பெல்லாம் ஏறியது, நன்றாக இருந்தது. பிறகு ஒருநாள் மில்காரர் வீட்டு வாசலில் துளசித் தொட்டியைக் கவனித்தாள். அவள் அதற்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள், சுற்றி வந்து எதிர்ப்பக்கம் நின்றும் பார்த்தாள். அது பாட்டுக்குச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் ஒரு பேங்க் வாசலில் இருந்த குரோட்டன்ஸ்களும் அவளைச் சட்டை செய்யவில்லை. அப்படியானால் தன்னிடம் எதுவும் இருந்ததே இல்லையா, அந்தக் கட்டடத்துக்குத்தான் ஏதோ பிடித்திருந்ததா, அல்லது இருந்தது இங்கே வந்ததும் தீர்ந்துவிட்டதா என்று அவள் குழம்பினாள். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதானே வந்தாள், பார்க்கவில்லை என்றதும் ஏன் தொட்டி தொட்டியாகப் போய் நின்று பார்க்கிறோம் என்பதும் அவளுக்கு விளங்கவில்லை. தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மழை தொடங்கிய வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கடையிலிருந்து பாதியில் வந்து படுத்தவள் எழவில்லை. கீழே மில் ஓடுவதும் நிற்பதும்தான் அவளுக்குப் பகலும் இரவும். போன் எங்கோ கட்டிலுக்கடியில் அடித்து அடித்து ஓய்ந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறதே, யாராவது வந்தாலும் எப்படி வருவார்கள் என்று அவள் நினைத்தாள், யார் வரப்போகிறார்கள் என்றும் நினைத்தாள், இரண்டும் மாறி மாறி வந்தன.

அந்த நாட்களில் கற்பகம் குடியிருப்பில் என்ன நடந்தது என்பதை அவள் பிற்பாடுதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். செடிகள் அத்தனையும் ஒரே காலையில் துவண்டு விழுந்தன, இலைகள் தொட்டி விளிம்பில் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று ஊற்றினார்கள், கூடிப்போயிற்று என்று வெயிலில் தூக்கி வைத்தார்கள், டீத்தூள் போட்டார்கள், அரிசி கழுவிய தண்ணீர் விட்டார்கள், டீச்சர் இரண்டு பெரணிகளை ஊற்றியே அழுகடித்தார். ஜமால் பாயின் கள்ளி, வறட்சிக்கே அசையாத கள்ளி, பக்கவாட்டில் படுத்துவிட்டது. நங்கையா மணிபிளான்ட்டின் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், ஈரம் இருந்தது. இலையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள், சுட்டது. அதற்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, கூட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. தூக்குப்போசியில் மிளகு ரசம் ஊற்றிக்கொண்டு, தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

விலாசம் கிடையாது. காந்திபுரத்தில் இறங்கித் தொட்டியைத் தரையில் வைத்தாள், துவண்ட கொடி ஒரு பக்கமாகப் புரண்டது, அந்தப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினாள். நடத்துநர், எங்கம்மா டிக்கெட் என்று கேட்டதற்கு மடியிலிருந்த செடியைக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்து, இன்னும் நேராத்தான் காட்டுதுங், இப்ப கொஞ்சம் இடப்பக்கம் திரும்புது, இறங்குங்க இறங்குங்க என்று வழி சொன்னார்கள். துடியலூர்ச் சந்தைக் கூட்டத்துக்குள் செடி சொன்ன சந்துகளிலெல்லாம் நுழைந்து, ரசம் தளும்ப, மழையில் நனைந்துகொண்டு அவள் மாவுமில்லின் மாடிப்படி ஏறினாள். கொடி முழுவதும் தொட்டிக்கு வெளியே நீண்டு கதவின் கீழிடுக்கைத் தொட்டது.

அம்சவேணி முதலில் பார்த்தது அதைத்தான். கதவுக்கும் தரைக்கும் நடுவில் பச்சையாக ஒரு நுனி உள்ளே வந்து, மாவு படிந்த தரையில் அவள் பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. காய்ச்சலில் ஏதோ தெரிகிறது என்று கண்ணை மூடித் திறந்தாள். அப்போது கதவு தட்டப்பட்டது, ஒரே ஒரு தட்டு, ரொம்ப மெதுவாக. தட்டிப் பழக்கமில்லாத கை என்று கேட்கும்போதே தெரிந்தது.

"அம்மிணி," என்றாள் நங்கையா வெளியே இருந்து. "நாந்தான். உள்ள வரலாமா?"

அண்ணன் வீட்டில் இருந்த இருபது வருடத்தில் இதை அம்சவேணியிடம் யாரும் கேட்டதில்லை, இதற்கு என்ன பதில் சொல்வது என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் நங்கையா ரசத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள், அது அந்தக் குரலிலேயே இருந்தது.

"கொஞ்சம் இருங்க நங்கையா."

"இருக்கறேன் கண்ணு. மெல்ல வா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, நின்றபடியே, அவசரமில்லாமல் குடித்தாள். கலைந்த முடியை முடிந்துகொண்டாள், சேலையைச் சரி செய்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, நங்கையா இருமினாள், ஆனால் இன்னொரு தடவை தட்டவில்லை, நகரவுமில்லை. அம்சவேணி கொடியை மிதிக்காமல் காலை எடுத்து வைத்து, தாழ்ப்பாளை இழுத்து, தன் கதவைத் தானே திறந்தாள்.